ஜீரோ போடும் இடம்

அலுவலகத்தில் அவளுக்கு வளையல் அக்கா என்று பெயர். கையில் ஒரு வளையல்கூடப் போடாதவளுக்கு இந்தப் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். வண்டியின் பின்பக்கம் துணி உறைக்குள் சாய்ந்து நிற்கும் பெரிய அலுமினிய வளையத்தைக் காட்டி, "அதான் அவங்க வளையல். யானைக்கு எடுத்தது, யானை வேண்டாம்னுடுச்சு" என்பார் டிரைவர்.

வானொலி இரைச்சல் புகார்களை விசாரிக்கும் பிரிவு அது. ஒரு வீட்டில் ரேடியோ கரகரக்கும். ஒரு கிளினிக்கில் கருவியின் திரை நடுங்கும். எங்கிருந்தோ ஒரு மோட்டாரோ, மலிவான சார்ஜரோ, சாகப்போகிற டியூப்லைட்டோ காற்றில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வேலைக்கு வருவதற்கு முன் அவள் ஒரு தொழிற்சாலையில் ரேடியோக்களுக்குக் கம்பிச்சுருள் சுற்றிக்கொண்டிருந்தாள். முடியைப் போன்ற செம்புக்கம்பியை விரலால் பிடித்து, அறுந்துவிடாத இழுப்பில், நாள் முழுக்க. அந்தப் பழக்கத்தில் இப்போதும் எதையாவது யோசிக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத கம்பியை உருட்டிக்கொண்டிருக்கும்.

அவளுடைய வண்டியில் இரண்டு ஆண்டெனாக்கள். ஒன்று கூரையில் நட்டுக்கொண்டு நிற்கும் கம்பி. இன்னொன்று அந்த வளையம். ஏன் இரண்டு என்று யாராவது கேட்டால் அவள் சலிக்காமல் சொல்வாள். காற்றில் ஓர் அலை வருகிறதென்றால் அதில் மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றையொன்று விடாமல் சேர்ந்து வருகின்றன. கம்பி மின்புலத்துக்குக் காது கொடுக்கிறது. கம்பிக்குள் இருக்கும் மின்னூட்டங்களை அந்தப் புலம் மேலும் கீழுமாக ஆட்டுகிறது. அந்த ஆட்டம்தான் ரிசீவருக்குள் சத்தமாக இறங்குகிறது. வளையம் காந்தப்புலத்துக்கு. வளையத்தின் நடுவே புகுந்து போகும் காந்தப்புலம் ஏறி இறங்கினால் வளையத்தைச் சுற்றி மின்சாரம் ஓடும். நடுவே புகாமல் வளையத்தின் தளத்தோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு போனால் ஒன்றும் ஓடாது. வளையம் ஊமையாகிவிடும்.

அந்த ஊமைதான் தொழில். வளையத்தின் விளிம்பைச் சத்தம் வரும் திசைக்குக் காட்டினால் உரக்கக் கேட்கும். வட்டமுகத்தை அந்தத் திசைக்குத் திருப்பினால் சத்தம் சட்டென்று விழுந்துவிடும். உரக்கக் கேட்கிற கோணம் அகலமானது. அப்படி இப்படித் திருப்பினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. விழுகிற கோணம் ஊசிமுனை மாதிரி. ஆகையால் சத்தத்தைத் தேடுகிறவர்கள் சத்தமில்லாத கோணத்தைத்தான் தேடுவார்கள்.

"தூரத்துல இருக்கிற வரைக்கும் மின்புலமும் காந்தப்புலமும் ஒரே கணக்குல நடக்கும். கம்பி எவ்வளவு சொல்லுதோ அதுக்குத் தக்கபடி வளையமும் சொல்லும். சத்தம் போடற சாமானுக்குக் கிட்ட போனா ரெண்டும் பிரிஞ்சுடும். ஒண்ணு ஓங்கும், ஒண்ணு அடங்கும். கம்பியும் வளையமும் வேற வேற கதை சொன்னா வாசலுக்கு வந்துட்டோம்னு அர்த்தம்" என்பாள்.

"புருஷன் பொண்டாட்டி மாதிரி. தெருவுல ஒண்ணா நடப்பாங்க. வீட்டுக்குள்ள போனாத்தான் தெரியும்" என்று டிரைவர் சேர்த்துக்கொள்வார். அவர் பல வருடங்களாக இதே இடத்தில் இதையேதான் சொல்கிறார். அவளும் முன்பெல்லாம் சிரிப்பாள்.

வண்டி இரவில் அவள் வீட்டு வாசலில்தான் நிற்கும். அலுவலகத்தில் இடம் கிடையாது. அவள் வீடு இருக்கும் தெரு முட்டுச்சந்து. பின்னால் மண்மேடு, இரண்டு பக்கமும் பழைய குடியிருப்புகள், கடை கிடையாது, பட்டறை கிடையாது. வேலையில் சேர்ந்த புதிதில் ஊரெல்லாம் சுற்றி அளந்து பார்த்து, இரைச்சல் குறைவான இடம் தன் வீட்டு வாசல்தான் என்று அவளே கண்டுபிடித்தாள். அதனால் தினமும் காலையில் புறப்படுவதற்கு முன் அங்கேயே ரிசீவருக்கு ஜீரோ போட்டுவிடுவாள். காய்கறிக்காரர் தராசில் வெறும் கிண்ணத்தை வைத்து ஜீரோவை அழுத்திவிட்டுப் பிறகு தக்காளியைப் போடுவதில்லையா, அதே வேலைதான். அழுத்திய இடத்தில் இருக்கிற இரைச்சலை ரிசீவர் அமைதி என்று எடுத்துக்கொள்ளும். அதற்குமேல் இருப்பதைத்தான் எண்ணாகக் காட்டும். அதற்குக் கீழே எது இருந்தாலும் அதற்கு ஜீரோதான்.

அன்று வந்த புகார் சின்னதல்ல. ஊரின் கடலோரம் ஒரு மேட்டின் மேல் வானொலி நிலையம் ஒன்று இருக்கிறது. கடலுக்குப் போகும் சின்னப் படகுகள் ஆபத்தில் கூப்பிட்டால் கேட்பதற்காக அங்கே எந்த நேரமும் ஒருவர் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பார். பகல் முறையில் இருக்கிறவரைக் காதுக்காரர் என்பார்கள். கொஞ்ச காலமாகவே அவருடைய அலைவரிசையில் தகரக் கூரையில் மழை கொட்டுவது போல ஓர் இரைச்சல். போன வாரம் என்ஜின் நின்றுபோன ஒரு படகு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறது. அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் போன இன்னொரு படகுக்காரன் கேட்டுத் திருப்பிச் சொன்னதால் பிழைத்தார்கள்.

"இந்தத் தடவை பக்கத்துல ஒருத்தன் இருந்தான் தங்கச்சி. அடுத்த தடவை இருப்பானான்னு என்கிட்ட கேக்காதே" என்றார் காதுக்காரர்.

"சரிண்ணே" என்றாள்.

வண்டியை எடுத்துக்கொண்டு அவளும் டிரைவரும் அந்தப் பகுதியில் ஒரு தெரு விடாமல் சுற்றினார்கள். வழக்கம்போல வாசலில் ஜீரோ போட்டுத்தான் புறப்பட்டாள். எல்லாத் தெருவிலும் ஜீரோ. சந்தை முனையில் மட்டும் எண் துள்ளியது. அங்கே ஒரு தையல்காரர் கடை. பள்ளிச் சட்டைகளுக்கும் கம்பெனிச் சட்டைகளுக்கும் பெயர் பின்னிக் கொடுக்கும் எம்பிராய்டரி மிஷின் ஒன்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அவள் வரைந்த வரைபடங்களிலேயே சுத்தமான வரைபடம் அதுதான். வெள்ளைத் தாளில் ஒரே ஒரு புள்ளி. மேலதிகாரி அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். மறுநாளே அவர் நேரில் போய் மிஷினின் சுவிட்சில் கம்பி கோத்து ஈயச் சீல் வைத்தார். அவளும் கூட நின்றாள்.

தையல்காரர் வாய் ஓயவில்லை. "நான் வீட்டுல கத்தறது என் பொண்டாட்டிக்கே கேக்கறதில்ல. என் மிஷின் முனகறது நடுக்கடல்ல கேக்குதாம். எங்கேயாவது அடுக்குமா சார்? இந்தச் சட்டையெல்லாம் வெள்ளிக்கிழமை கொடுக்கணும். பாதிப் பேர்ல நிக்குது. ரெண்டு பொம்பளைங்க இதை நம்பி வேலைக்கு வராங்க. அவங்களை நான் என்ன பண்ணட்டும், கடலுக்கு அனுப்பவா?"

"சந்தேகம் தீர்ந்ததும் எடுத்துடுவோம்" என்றார் மேலதிகாரி.

"என்னம்மா நீங்களாவது சொல்லுங்க. மிஷினைத் தெரிஞ்சவங்கதானே?"

அவள் வாயைத் திறந்தாள். "அளவு அப்படித்தான் வந்திருக்கு" என்றாள். அவர் முகத்தைப் பார்த்தபோது அவளுக்குள் ஏதாவது அசைந்திருக்க வேண்டும். அசையவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்பது போலத் தன்னைத்தானே ஒருமுறை கிள்ளிப் பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

மாமியார் போனதிலிருந்தே அப்படித்தான் இருந்தது.

பக்கவாதம் மாமியாரின் இடது பக்கத்தை எடுத்துக்கொண்டது, வாயை விட்டுவிட்டது. "ஊர்ல எவன் வீட்டுல சத்தம் வந்தாலும் வளையத்தைத் தூக்கிட்டு ஓடறா. நான் இங்கேருந்து கத்தறது மட்டும் இவ காதுல ஏறாது" என்று பார்க்க வருகிறவர்களிடம் சொல்வார். "உங்க சத்தத்துக்கு வளையம் எதுக்கு அத்தை? சுவத்துக்கே கேக்குது" என்று இவள் சமையலறையிலிருந்து பதில் கொடுப்பாள். வந்தவர்கள் சங்கடத்தில் நெளிவார்கள். இருவருக்கும் அது ஒரு மாதிரி பிடித்திருந்தது. படுக்கைப் புண் வராமலிருக்க ஒரு காற்றுமெத்தை வாங்கிப் போட்டிருந்தார்கள். கட்டிலின் கால்பக்கம் மாட்டிய சின்ன பம்ப் மெத்தையின் ஒரு வரிசைக் குழாய்களில் காற்றை ஏற்றும்; பக்கத்து வரிசையில் இறக்கும்; பிறகு மாற்றும். வாரத்துக்கு ஒருமுறை அதன் பின்னாலுள்ள பஞ்சு வடிகட்டியைக் கழுவிக் காயவைத்து மாட்டுவது அவள் வேலை. "மூக்கு சிந்தி விட்டாச்சா அதுக்கு?" என்று கேட்பார் மாமியார்.

ஒரு காலை மருந்து கொடுக்கப் போனபோது அவர் இறந்திருந்தார். இவளுக்கு உடனே தெரியவில்லை. மெத்தை அவரை ஏற்றி இறக்கிக்கொண்டுதான் இருந்தது.

அழுகை வரவில்லை. வீட்டுக்காரர் அழுதார். அவர் லிஃப்ட் மெக்கானிக், கட்டடம் கட்டடமாக ஏறி இறங்குகிறவர், அதிகம் பேசாதவர். மற்ற உறவுகள் அழுதன. "அழுதுடும்மா, பாரம் குறையும்" என்றார்கள். பாரம் என்று எதுவும் தெரிந்தால்தானே குறைப்பதற்கு. மருமகள்தானே, பெரிதாக என்ன இருக்கப்போகிறது என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவள் வேலைக்குப் போய்விட்டாள்.

பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அணைக்கவில்லை. வீட்டுக்காரர் அந்த அறையைத் தாண்டும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்துவதை அவள் பார்த்தாள். ஓடட்டும் என்று நினைக்கிறார் போலிருக்கிறது, அவருடைய அம்மா, அவரே அணைக்கும்போது அணைக்கட்டும் என்று விட்டுவிட்டாள். மெத்தையில் விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. அதற்குக் கீழே வரிசைகள் ஏறின, இறங்கின. வடிகட்டியை யாரும் கழுவவில்லை.

சீல் வைத்த மறுநாள் காதுக்காரர் போன் செய்தார். "தையல்காரர் மிஷினை நிறுத்தியாச்சுன்னு சொன்னீங்களே. எனக்கு மழை விடலையே."

மேலதிகாரிக்கு இது புதிராகப் படவில்லை. "உள்ள இன்னொரு மிஷின் வச்சிருப்பான். இல்லேன்னா சீலை ஏமாத்தி ஓட்டறான். வெள்ளிக்கிழமை ஆளுங்களைக் கூட்டிட்டுப் போய் மிஷினையே தூக்கிட்டு வந்துடலாம். அப்புறம் எங்கேருந்து சத்தம் வருதுன்னு பார்ப்போம்."

"அவர்கிட்ட இன்னொண்ணு இல்ல சார். நான் பார்த்தேன்."

"உங்க மேப்தானே அக்கா அவனைக் காட்டுது?"

அவள் மேப்தான். அதில் மறுபேச்சுக்கு இடமில்லை. தூக்கிக்கொண்டு வந்துவிட்டால் அந்த மிஷின் சோதனைக்கூடத்தின் பின்னறையில் மாதக்கணக்கில் கிடக்கும். ஏற்கெனவே அங்கே கிடக்கும் மோட்டார்களும் வெல்டிங் செட்டுகளும் யார் யாருடையவை என்பது அவளுக்குத் தெரியும். பாதிப்பேர் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள்.

வியாழக்கிழமை வண்டியின் பிரேக் பழுதாகி ஒர்க்‌ஷாப்புக்குப் போயிற்று. "இன்னிக்கு லீவு போட்டுட்டுத் தூங்குங்க அக்கா. மூஞ்சியப் பாத்தா தூங்கி ரொம்ப நாளான மாதிரி இருக்கு" என்றார் டிரைவர். அவள் அலுவலக அலமாரியிலிருந்து பழைய கைரிசீவரை எடுத்துக்கொண்டாள். தோளில் மாட்டுகிற பெட்டி. ஒரு சின்னக் கம்பி, தட்டு அளவில் ஒரு வளையம். ஜீரோ பட்டனெல்லாம் அதில் கிடையாது. இருப்பதை இருக்கிறபடி காட்டும். அதனால்தான் யாரும் தொடுவதில்லை.

வண்டி ஏறமுடியாத மேடு என்பதால் நிலையத்தின் மொட்டை மாடியில் யாரும் இதுவரை அளந்ததில்லை. அவள் நடந்து ஏறினாள். காதுக்காரர் ஹெட்போனைக் கழற்றாமலே கையைக் காட்டினார். மாடியில் வளையத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றினாள். மழை கொட்டியது, கொட்டியது, ஒரு கோணத்தில் பொத்தென்று நின்றது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் மறுபடியும் மழை. வளையம் ஒரு கோட்டைத்தான் சொல்லும். அந்தக் கோட்டின் எந்த முனை என்று சொல்லாது. ஆனால் ஒரு முனையில் கடல், கரையோரம் ஒரு படகுகூட இல்லை. மறுமுனையில் ஊர்.

சந்தை முனை அந்தக் கோட்டில் இல்லை. நன்றாக விலகி வலப்பக்கம் இருந்தது. வட்டமுகம் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு மண்மேட்டையும் அதற்கு முன்னால் உள்ள பழைய குடியிருப்புகளையும்.

கை நடுங்கியிருக்கும் என்று நினைத்து இன்னொருமுறை எடுத்தாள். அதே இடம்.

இறங்கி நடந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று வளையத்தைத் திருப்பினாள். கோடு அவளைத் தெரிந்த வழியிலேயே அழைத்துக்கொண்டு போனது. தினமும் காய்கறி வாங்குகிற வண்டிக்காரர், "என்னக்கா, இன்னிக்கு நடந்தே தேடறீங்க?" என்றார். "வண்டி ஒர்க்‌ஷாப்புல" என்றாள். முட்டுச்சந்துக்குள் திரும்பியதும் முள் ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. ரிசீவரின் அளவைக் குறைத்து வைத்தாள். மறுபடியும் ஓரத்துக்குப் போனது. வண்டி நிற்கிற இடத்தில், எண்ணெய் சொட்டிக் கறுத்த தரையின் மேல் நின்றபோது, அன்று அவள் அளந்த இடங்களிலேயே இரைச்சல் அதிகமான இடத்தில் தான் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது.

இங்கே நின்றுதான் தினமும் காலையில் ஜீரோ போட்டிருக்கிறாள். இந்த மழை முழுவதையும் அமைதி என்று ரிசீவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு ஊரைச் சுற்றியிருக்கிறாள். அதைவிடக் கொஞ்சம் உரக்க முனகியது கடைவாசலில் கேட்ட தையல்காரர் மிஷின் ஒன்றுதான். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். இதெல்லாம் வேறு யாரோ எழுதிய கணக்கைச் சரிபார்ப்பது போல மனதுக்குள் வரிசையாக ஓடியது. பயமோ வெட்கமோ வரும் என்று கொஞ்சம் நின்று பார்த்தாள்.

படியேறினாள். மின்கம்பிகள் ஏறுகிற சுவரோரம் வளையம் அலறியது, கம்பி அந்த அளவுக்கு இல்லை. இரண்டும் பிரிந்துவிட்டன. தன் வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டாள். இனி அது தேவையில்லை.

வீட்டுக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். பனியனோடு உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். தோளில் பெட்டியோடு அவள் நேராக அந்த அறைக்குள் போனதைப் பார்த்துப் பின்னாலேயே எழுந்து வந்தார்.

"என்ன?"

"பம்ப். நிலையத்துல கேக்கற சத்தம் இதுதான்."

பம்பின் மேல் அவள் கையை வைத்தாள். கொதித்தது. வடிகட்டி தூசியால் கம்பளி போலத் தடித்திருந்தது. மூச்சு அடைத்துப்போய், சூடேறி, உள்ளே ஏதோ கருகி, பொறி தட்டிக்கொண்டே ஓடியிருக்கிறது. பொறி வீட்டின் மின்கம்பிகள் வழியாகத் தெருக் கம்பிகளுக்குப் போயிருக்கிறது. தெருவே அதற்கு ஆண்டெனாவாக நின்றிருக்கிறது.

"அணைச்சுடலாமே அப்போ" என்றார்.

"நீங்க அணைப்பீங்கன்னுதான் இருந்தேன்."

"நானா?"

"உங்க அம்மா. ஓடட்டும்னு வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். அந்தக் கதவை அப்படிச் சாத்துவீங்களே."

அவர் ரொட்டித் துணுக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "உனக்குத் தூக்கம் கலையக் கூடாதுன்னு சாத்தினேன். நீதான் வச்சிருக்கேன்னு நெனச்சேன். இத்தனை வருஷம் நீதானே அவங்களோட இதுல கெடந்தே. நான் போய் அணைச்சா நீ என்ன நெனப்பியோன்னு..."

"நான் ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டேன்."

"எனக்கு எப்படித் தெரியும்? நீ ஒண்ணும் சொல்லலையே."

"நீங்களும்தான் சொல்லல."

"இந்தச் சத்தத்துல எனக்குத் தூக்கமே இல்ல தெரியுமா? லிஃப்ட் கூண்டுக்குள்ள நின்னுக்கிட்டே தூங்கறேன்."

"எனக்கும்தான் இல்ல."

மெத்தையின் ஒரு வரிசை ஏறி முடித்து, அடுத்த வரிசை ஏற ஆரம்பித்தது. அவள் நிலையத்துக்குப் போன் போட்டாள். காதுக்காரர் எடுத்ததும், "அண்ணே, இப்போ ஒண்ணு அணைக்கப் போறேன், கேளுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவிட்சைத் தட்டினாள்.

"நின்னுடுச்சு!" என்றார் காதுக்காரர். "அட! துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. எங்கேருந்து தங்கச்சி? யாரு வீடு?"

"இருங்கண்ணே. இன்னும் முடியல."

முடியவில்லைதான். ஒருமுறை அணைத்ததும் சத்தம் நின்றால் அது தற்செயலாக இருக்கலாம். அதே நொடியில் வேறெங்கோ வேறெதுவோ நின்றிருக்கலாம். மூன்று முறை போட்டு, மூன்று முறை அணைத்து, கேட்கிறவர் ஒவ்வொரு முறையும் தன் வாயால் சொன்னால்தான் அந்தப் பிரிவில் அது சாட்சி. அவள் யார் வீட்டிலும் இதை விட்டுக்கொடுத்ததில்லை. தையல்காரர் கடையில்தான் மேலதிகாரியின் அவசரத்தில் செய்யாமல் விட்டார்கள்.

மெத்தை அதற்குள் இறங்க ஆரம்பித்திருந்தது. நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது.

"போடறேன்" என்றாள் போனில். போட்டாள்.

"வந்துடுச்சு" என்றார் காதுக்காரர்.

பள்ளம் மெல்ல நிரம்பியது. விரிப்பு உயர்ந்தது. வீட்டுக்காரர், "எதுக்கு மறுபடி?" என்றார்.

"மூணு தடவை பண்ணணும்."

"இதுக்குமா?"

"இதுக்கும்தான்."

அணைத்தாள். "நின்னுடுச்சு." போட்டாள். "வந்துடுச்சு." வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் திரும்பவில்லை. சுவிட்சையும் மெத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதாவது வருகிறதா என்று தனக்குள்ளும் காதை வைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியாக அணைத்தபோது காதுக்காரர், "சுத்தம். போதும் தங்கச்சி. இப்பவே தூரத்துல எவனோ ஒருத்தன் வலை கிழிஞ்சதுக்குத் திட்டறது கேக்குது. காதுக்கு இதமா இருக்கு" என்றார்.

பம்பின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிச் சுருட்டினாள். காற்று முழுவதும் வெளியேற நிறைய நேரம் பிடித்தது. அதுவரை அவர் அங்கேயே நின்றார். அவள் அவருடைய ரொட்டியை மூடி வைத்தாள்.

"உங்க வீடுன்னு எழுதிக் கொடுத்தா உங்களைத்தான் கேள்வி கேப்பாங்க. பக்கத்துல ஒரு வீடுன்னு பொதுவா எழுதிட்டா என்ன அக்கா?" என்றார் மேலதிகாரி மாலையில். சொந்த வாசலிலேயே ஜீரோ போட்ட விவரம் மேலே போனால் பிரிவுக்கே அவமானம் என்பது அவர் கவலை.

"பொதுவா எழுதினா தையல்காரர் மேல இருக்கிறது போகாது சார். ஊர் அவரைத்தான் பேசும்."

"சீலைத்தான் எடுக்கப் போறோமே."

"எடுத்தா மட்டும் போதுமா?" அவள் குரல் ஏறவில்லை. அறிக்கையில் தன் வீட்டு எண்ணையே போட்டாள். அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டுப் பேனாவைத் தேடுவது போலக் கொஞ்ச நேரம் தேடினார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டி வந்துவிட்டது. டிரைவரிடம் எல்லாவற்றையும் வழியிலேயே சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே ஓட்டினார். சந்தை முனைக்குப் பக்கத்தில் வந்ததும், "நாளைக்கு எங்க நிறுத்தி ஜீரோ போடலாம்னு பாக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

அவள் இடுக்கியால் சீல் கம்பியை வெட்டினாள். தையல்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். நூல் நாலு நாளாக உப்புக்காற்றில் கிடந்து விறைத்திருந்தது. மிஷினைப் போட்டதும் அறுந்தது. கோத்தார். மறுபடி அறுந்தது. கெட்ட வார்த்தை ஒன்று பாதி வந்து நின்றது.

"வெட்டிட்டுப் போயிட்டா ஆச்சா?" என்றார். "ஊரே பாக்க சீல் வச்சீங்க. நேத்து ஒரு கம்பெனிக்காரன் வந்து, கடல்ல ஆளுங்களைச் சாகவிட்ட மிஷின்ல என் சட்டைய தைக்காதேன்னு துணிய வாங்கிட்டுப் போறான். ஊரே பாக்க எடுங்க. வாயால சொல்லுங்க. டீக்கடையில சொன்னாப் போதும், அவன் மிச்சப்பேருக்குச் சொல்லிடுவான்."

"அதெல்லாம் எங்க வேலையில்ல..." என்று டிரைவர் ஆரம்பித்தார்.

"சொல்றேன்" என்றாள் அவள்.

டீக்கடை பக்கத்துக் கடைதான். காலை நேரம், பெஞ்சில் நாலைந்து பேர். கடைக்காரருக்கு அவளைப் பல வருடங்களாகத் தெரியும். தையல்காரர் அவள் பின்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டார். அவள் நடுவில் போய் நின்றாள்.

"நிலையத்துக்குப் போன சத்தம் இவர் மிஷின்லேருந்து வரல. நான் தப்பா அளந்துட்டேன். சத்தம் வந்தது என் வீட்டுலேருந்து."

பெஞ்சில் ஒருவர் சிரித்துவிட்டார். "அக்கா வீட்டுலேருந்தா? நல்லா இருக்கே!"

"உங்க வீட்டுல என்னக்கா மிஷின்?" என்றார் டீக்கடைக்காரர், பாலை ஆற்றிக்கொண்டே.

"காத்துமெத்தை பம்ப். எங்க மாமியாரோடது."

"அவங்களா! அந்த வாய்க்காரம்மா. என் டீயைக் குடிச்சுட்டு சாயத்தண்ணின்னு சொல்லி அனுப்பினவங்களாச்சே." அவர் முகம் மலர்ந்தது. "ரொம்ப நாளா டீக்கு ஆள் வரலையே. எப்படி இருக்காங்க?"

சாவுச் செய்தியைச் சொன்னதெல்லாம் வீட்டுக்காரர்தான். போனில், உறவு ஒவ்வொன்றாக. அவள் யாரிடமும் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டி வந்ததில்லை. அளவு சொல்வதைப் போலச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"இறந்துட்டாங்க" என்றாள். வார்த்தை வெளியே வந்த பிறகும் வாய் மூடிக்கொள்ளவில்லை. "அத்தை இறந்துட்டாங்க" என்று இன்னொருமுறை, யாரும் கேட்காமலே, சொன்னாள்.

டீக்கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். பெஞ்சில் சிரித்தவர் எழுந்து இடம் விட்டார். அவள் உட்காரவில்லை. விரல்கள் இல்லாத கம்பியை உருட்டிக்கொண்டிருந்தன. கண்ணில் ஒன்றும் இல்லை. விரல்கள்தான், கம்பி அறுந்தது போல, சட்டென்று நின்றன. ஏன் நின்றன என்று அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையல்காரர் வாசலிலிருந்து ஓரடி உள்ளே வந்தார். "எனக்கு யாரும் சொல்லலையே" என்றார், தன்மேல் பழி வந்தது போல. பிறகு டீக்கடைக்காரரிடம், "ஒரு டீ போடு. நல்லதா போடு" என்றார்.